சார்வு

முதல் தடவை ஏட்டு சீனிச்சாமி வந்தபோது
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
குத்தவைத்திருந்தேன்.
"மதுரையிலேயே இல்லைங்க" என்றாள் வனராணி.
பாதி உண்மைதான்.
பரவை பேரூராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிறவர்கள் நாங்கள்.

ஏட்டு சிரிக்கவில்லை.
தாளின் முதுகில் எழுதிக்கொண்டார்:
ஆள் இல்லை.

அன்றிலிருந்து நான் அரசாங்கக் கணக்கில் இல்லாதவன்.
இல்லாதவன் விடியுமுன்னே பல் விளக்கினான்.
இல்லாதவனுக்கு இருமல் வந்தது.
வனராணி வெறும் மிக்ஸியை ஓடவிட்டாள்.

இரண்டாம் தடவை கதவில் ஒட்டினார்கள்.
பசை கொண்டுவர மறந்துவிட்டார்களாம்,
அடுப்படியில் கேட்டு வாங்கியது என் பரோட்டா மைதா.
வெந்நீரில் அவளே கிண்டிக் கொடுத்தாள்.
கட்டி தட்டாமல் இருக்கிறதென்று பாராட்டு வேறு.
ஒட்டியதைப் பார்த்தேன் என்று
எதிர்வீட்டு முனியசாமி கையெழுத்துப் போட்டான்.
அவனுக்கு என்ன, கதவைத்தானே பார்த்தான்.

ராத்திரி ஈரத்துணி வைத்து உரித்தேன்.
சாட்சி எண் ஏழு, மொக்கராசு, பரோட்டா மாஸ்டர்.
அதற்குக் கீழே இறந்தவன்.
நிறைகுளத்தான், வயது பத்தொன்பது.
அதுவரை எனக்கு அவன் பெயர் தெரியாது.

தெரிந்தது இவ்வளவுதான்.
காய்கறி மார்க்கெட்டில்
ஒட்டன்சத்திரம் லாரி தார்ப்பாய் அவிழ்க்கிற நேரம்.
துரத்தியவர்கள் மூன்று பேர்,
ஒருவன் கையில் வாழைத்தார் வெட்டுகிற அரிவாள்.
ஓடி வந்தவன் நேராக என் கடைக்குத்தான் வந்தான்.
கல்லில் நாலு பரோட்டா கிடந்தது.
ஷட்டரை இழுத்துவிட்டேன்.

தட்டினான்.
அண்ணே என்றான்.
மறுபடி அண்ணே.
நாலும் கருகின, திருப்பிப் போடத் தோன்றவில்லை.

சத்தம் அடங்கித் தூக்கினால்
ஷட்டரின் வெளிப்பக்கம் ஐந்து விரல்.
போலீஸ் வருவதற்குள்
சால்னா வாளி கழுவுகிற நாரை எடுத்துத் தேய்த்தேன்.

லோடுமேன் யாரோ என் பேரைச் சொல்லிவிட்டான்.
ஸ்டேஷனில் பார்த்ததைப் பார்த்தேன் என்றுதான் சொன்னேன்,
விரல்களை மட்டும் விட்டுவிட்டு.
அப்போது பயமில்லை.
பயம் ஒரு வாரம் கழித்து பைக்கில் வந்தது,
இரண்டு பரோட்டா தின்றது,
பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டது,
மீதிச் சில்லறையை வாங்காமல் போனது.

மூன்றாம் தடவை, ஊமச்சிகுளம்.
வேறு கடை, எனக்கு வேறு பெயர்.
"மொக்கராசுன்னு இங்க யாராச்சும்?"
கேட்டவருக்கு முகம் கொடுக்காமல் கொத்தினேன்.
பதிலே தேவைப்படாத அளவுக்கு,
பஸ் ஸ்டாப் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு,
கொத்தினேன்.
கரண்டி ஓயும்வரை ஏட்டு காத்திருந்தார்.
"எனக்கே ஒண்ணு போடு. வெங்காயம் தூக்கலா."

தின்றுகொண்டே சொன்னார்:
சம்மனுக்கு ஒளிஞ்சா ஆறு மாசம், இல்ல பத்தாயிரம், ரெண்டும் சேர்ந்தும் வரும்.
ஒட்டினதப் பிச்சாலும் கேஸுதான்.

எதை ஒட்டியதை என்று கேட்கவில்லை நான்.
கை நாரைத் தேடியது.

மத்த ஆறு பேரும் பிறழ்ந்துட்டாங்கப்பா என்றார்,
இலையை மடித்தபடி,
ஊரில் மழை இல்லை என்பதைப் போல.

தாளை நீட்டினார்.
கை துடைக்கத் துணி தேடினேன்.
"பரவால்ல, பிடி."
பிடித்த இடமெல்லாம் எண்ணெய் ஊறி
தாள் கண்ணாடியாகிவிட்டது.
பின்பக்கம் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்
முன்பக்கத்து எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது.
தேதியா, அவன் பெயரா,
டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து
எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டர், பார்சல் ரெண்டு" என்றான் ஒருவன்,
பைக்கை ஆஃப் செய்யாமல்.